கறுத்த மண் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பதினான்கு ஆண்டுகளாகச் சென்னையில் மென்பொருள் வேலை. நள்ளிரவு இரண்டு மணிக்கும் அழைப்பு வரும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கியாயிற்று. வேலையை விட்டுவிட்டுக் கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைப் பக்கம், முப்பது சென்ட் குத்தகைக்கு எடுக்கலாம் என்றிருக்கிறேன். முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் போட்டு, அதையே சமைத்து வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுவது திட்டம். விறகடுப்பு, மண்பானை மட்டும்தான். குக்கர் கிடையாது. நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மண் கறுகறுவென்று, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்கிறது. எதைப் போட்டாலும் விளையும். முப்பது சென்ட் போதுமா? எத்தனை மாதத்தில் கையில் காசு வரும்? நான் தப்பி ஓடுகிறேன் என்கிறாள் மனைவி. உங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறதா?

கே.

*

அன்புள்ள கே.,

மாத்திரை எடுத்துக்கொள்ளும் உடம்பு முதலில் தூக்கம் கேட்கிறது. நிலத்தை அப்புறம் கேட்கட்டும். ஒரு மாதம் விடுப்புப் போட்டுத் தூங்குங்கள். கண் எரியும்போது குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மனைவி சொன்னதற்குப் பதிலை அவரிடமே பேசிக் கண்டுபிடிக்க வேண்டும், அதில் நான் நுழைய முடியாது. காசு விஷயம்: முதல் ஆண்டில் ஒன்றும் மிஞ்சாது என்றே கணக்குப் போடுங்கள்.

ஆனால் ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. ‘எதைப் போட்டாலும் விளையும்.’ மலைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. மண்ணைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிற பேச்சு இது.

கோவில்பட்டிக் கரிசலும் கறுப்புதான். அதில் சுண்ணாம்பு உண்டு, அது காரமண். நீங்கள் மேல்மலையில் பார்த்த கறுப்பு மட்கின் நிறம். இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக் குளிரில் இலையும் புல்லும் மெதுவாகத்தான் மட்கும், அதனால் அது மேலே சேர்ந்துகொண்டே போகிறது. அதே நேரம் மழை அந்த மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் ஆண்டாண்டாகக் கரைத்துக் கீழே இறக்கிவிட்டது. மிச்சமிருப்பது அமில மண். அமிலத்தை அளக்கும் கணக்கு பி.எச்: 7 நடுநிலை, கீழே போகப் போக அமிலம் கூடும். இங்கே பி.எச் 5, சில இடங்களில் அதற்கும் கீழே. 6-க்கும் 5-க்கும் ஒரு புள்ளிதானே என்று நினைக்காதீர்கள், 5 என்றால் பத்து மடங்கு அமிலம். அந்த நிலையில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் உரத்தைக் கொட்டிக்கொண்டே இருப்பீர்கள், செடி இலை ஊதா பாய்ந்து குட்டையாக நிற்கும்.

ஆகவே மண்ணைச் சோதியுங்கள். நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில், வரப்போரத்தையும் எருக்குவியல் கிடந்த இடத்தையும் விட்டு, ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுங்கள். குழியின் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரு விரல்கனத்துக்குச் சீவுங்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரை கிலோவுக்குக் கொண்டுவந்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். அமிலத்தைத் தணிப்பது சுண்ணாம்பு, அதனால் பி.எச்சோடு எவ்வளவு சுண்ணாம்பு தேவை என்பதையும் கேட்டு வாங்குங்கள். மட்கு மிகுந்த மண் அமிலத்தை எளிதில் விடாது, பி.எச் ஒன்றாகவே இருந்தாலும் மணல்பாங்கான மண்ணைவிட இதற்குச் சுண்ணாம்பு கூடவே வேண்டும்.

தொடக்கத்துக்கு ஹெக்டேருக்கு 2 டன், அதாவது சென்ட்டுக்கு 8 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மக்னீசியமும் குறைவு என்று பரிசோதனை அட்டையில் வந்தால் டோலமைட், அதாவது மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல். கல்தூளுக்குப் பதில் தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு கிடைத்தால் முக்கால் பங்கே போதும், ஆனால் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும்: காற்றில்லாத நேரத்தில் கையுறையோடு தூவுங்கள். மேலே தூவிவிட்டு வந்துவிடக் கூடாது, 15 செ.மீ. ஆழம்வரை கொத்திக் கலக்க வேண்டும். மாசி பங்குனியில் கலந்தால் சித்திரைக் கோடைமழை அதை வேலை செய்ய வைக்கும். முழுப் பலன் தெரிய மாதங்கள் ஆகும். இன்னும் தேவையென்றால் அடுத்த ஆண்டு மறுபடி போடுங்கள், ஒரே தடவையில் கொட்டாதீர்கள். தொழுவுரத்தைச் சுண்ணாம்போடு சேர்த்தே போடுகிற பழக்கம் வேண்டாம், தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகப் போய்விடும். மூன்று வாரம் இடைவெளி விட்டு, நன்றாக மட்கியது சென்ட்டுக்கு 100 கிலோ. கேரட் பாத்திக்கு அதுவும் முந்தைய பயிருக்குப் போட்டதாக இருக்கட்டும். பச்சை எருவிலும் கல்லிலும் கேரட் இரண்டு மூன்று காலாகப் பிரியும்.

முட்டைக்கோஸ் போட வேண்டும் என்கிறீர்கள். இந்த அமிலமும் ஈரமும் சேர்ந்த இடத்தில்தான் கிளப் ரூட் என்ற வேர்வீக்க நோய் குடியிருக்கும். நண்பகலில் இலை துவளும், சாயங்காலம் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் பாய்ச்சுவீர்கள், அது நோய்க்கே நல்லதாகிவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் விரல்விரலாக வீங்கியிருக்கும். நோய்வித்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். மண்வெட்டியிலும் காலணியிலும் வாங்கிவந்த நாற்றிலும் ஏறி அடுத்த பாத்திக்கு வரும். அதனால் குத்தகைக்கு முன்பு அந்த நிலத்திலோ பக்கத்திலோ நிற்கிற கோஸையும் முள்ளங்கியையும் கேட்டுப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வீக்கம் இருந்தால் அந்த நிலத்தில் கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், டர்னிப், முள்ளங்கி, கடுகு எதுவும் வேண்டாம். பீன்ஸ், கேரட், பூண்டு போடுங்கள். கோஸ் போட்டே தீர வேண்டுமென்றால் பி.எச் 7-ஐத் தாண்ட வேண்டும், ஆனால் அவ்வளவு சுண்ணாம்பு போட்ட பாத்தியில் உருளைக்கிழங்கு வைத்தால் தோல் சொறிபிடிக்கும். உருளைக்கு அந்த அமிலம் அவ்வளவு தொந்தரவில்லை, அதற்குத் தனி இடம் விடுங்கள். அதையும் வருடாவருடம் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்: உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை 1961-லேயே நீலகிரியில் கண்டுபிடித்தார்கள், கொடைக்கானல் மலையிலும் அது உண்டு.

கறுப்பைப் பார்த்து மயங்கியது போலவே அடுப்பிலும் மயங்கியிருக்கிறீர்கள். கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். விறகை எவ்வளவு அடுக்கினாலும் திறந்த பானையில் சூடு அதற்கு மேல் ஏறாது, தண்ணீர் வற்றும், துவரம்பருப்பு வெகுநேரம் விறைத்தபடியே கிடக்கும். குக்கர் வாங்குங்கள். அதிலும் கீழே பத்து நிமிடம் பிடிப்பது மேலே பன்னிரண்டு, பதின்மூன்று பிடிக்கும். குளிர்ந்த நீரில் பயறு மெதுவாகத்தான் ஊறும், வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்கப் போடுங்கள். ராஜ்மா விஷயத்தில் பிடிவாதம் வேண்டவே வேண்டாம். அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள நச்சு வாந்தி பேதியில் கொண்டுவிடும். பிறருக்குச் சோறு போடப் போகிறீர்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில், நசுக்கினால் மாவாகும்வரை வேகவையுங்கள். சாம்பாருக்குப் பருப்பும் காயும் வெந்த பிறகுதான் புளி. புளிப்பு முன்னால் விழுந்தால் இரண்டும் இறுகிவிடும், மலையில் அது இன்னும் அதிகமாகத் தெரியும். உங்கள் விறகடுப்புக்கு எண்ணெய் வதக்கல் இருக்கிறது. எண்ணெய்ச் சூட்டை உயரம் குறைப்பதில்லை. அன்று பறித்த பீன்ஸை நறுக்கி, மூடிபோடாமல், இரும்புச்சட்டியில் தேங்காயெண்ணெய் விட்டு வதக்குங்கள். மலையில் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அதற்காகவே மறுபடி வருவார்.

முப்பது சென்ட் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். வேலையில் இருந்துகொண்டே ஐந்து சென்ட்டில் தொடங்குங்கள். மூன்றடி அகலப் பாத்தி, ஒன்றரை அடி நடை, சரிவுக்குக் குறுக்காக. மேலே ஒரு வடிகால் வெட்டுங்கள், ஐப்பசி மழை பாத்தி வழியாக ஓடக் கூடாது. விடுமுறைக்கு மட்டும் போய்வந்தால் நடக்காது, பக்கத்து நிலத்துக்காரரோடு விளைச்சலில் பங்கு பேசிக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட இந்தக் கடிதத்தில் இல்லை.

பரிசோதனை அட்டை வந்ததும் பி.எச் எவ்வளவு, பக்கத்துக் கோஸின் வேர் எப்படி இருந்தது, இரண்டையும் எழுதுங்கள். அதற்குள் நன்றாகத் தூங்கியும் இருப்பீர்கள். ராஜினாமா பற்றி அப்போது பேசலாம்.