கடைசி 100 மீட்டரில் தொடை ஏன் கட்டிக்கொள்கிறது?

கேள்வி: வயது 21, எடை 60 கிலோ. 400 மீட்டர் ஓட்டக்காரன். பயிற்சியில் 200 மீட்டரை ஆறு முறை, ஒரு நிமிட இடைவெளி விட்டு முழு வேகத்தில் ஓடுகிறேன். நான்காவது முறையிலேயே தொடை கல்லாகிவிடுகிறது, மறுநாளும் வலிக்கிறது. லாக்டிக் அமிலத்தைக் கரைக்க மாத்திரை உண்டா?

பதில்: மாத்திரை வேண்டாம், இடைவெளியைக் கூட்டுங்கள்.

தசை சுருங்க நேரடியாகச் சக்தி தரும் பொருள் ஏடிபி. தசையில் இருக்கும் ஏடிபி இரண்டு மூன்று நொடிக்குத்தான் வரும். அதை உடனுக்குடன் ஈடுகட்டும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் முழு வேகத்தில் சுமார் பத்து நொடியில் பெரும்பாலும் தீர்ந்துபோகும். அதன்பின் தசை, ஆக்சிஜனுக்குக் காத்திராமல், தன்னிடம் சேமித்துள்ள சர்க்கரையான கிளைகோஜனை வேகமாக உடைக்கிறது. லாக்டேட் (நீங்கள் லாக்டிக் அமிலம் என்பது இதைத்தான்), ஹைட்ரஜன் அயனி, பாஸ்பேட் மூன்றும் தேங்குவது அப்போதுதான். சுருங்கும் விசையைக் குறைப்பதில் பாஸ்பேட்டுக்குப் பெரும் பங்கு; பழி என்னவோ லாக்டேட்டின் மேல். உண்மையில் அதை இதயமும் மற்ற தசைகளும் எரிபொருளாக்கிக்கொள்ளும், கல்லீரல் மீண்டும் குளுக்கோஸாக்கிவிடும். ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அது ஏறக்குறைய பழைய அளவுக்கு இறங்கிவிடும். பிறகு மறுநாள் வலிக்கு அது எப்படிக் காரணமாகும்? அந்த வலி தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்தில் இருக்கும், தானே அடங்கும்.

கிரியேட்டின் பாஸ்பேட் பாதி அளவு திரும்ப ஏறக்குறைய 30 நொடி ஆகும். முழுதாக நிரம்ப 3 முதல் 5 நிமிடம். நீங்கள் ஒரே நிமிடத்தில் அடுத்த ஓட்டத்துக்கு நிற்கிறீர்கள். வேகம்தான் குறி என்றால் 4, 5 நிமிடம் விடுங்கள். உட்காராமல் மெதுவாக நடங்கள். குறுகிய இடைவெளியைப் பயிற்சியாளர் வேண்டுமென்றே வைத்திருந்தால் அது தாங்குதிறனுக்கான பயிற்சி, அதை முழு வேகத்தில் ஓடக் கூடாது. கடைசி ஓட்டத்துக்குப் பின் பத்து நிமிடம் மெல்லோட்டம் போதும்.

காலை, மாலை இரு வேளையும் பயிற்சி என்றால், முடித்ததும் முதல் சில மணி நேரம் மணிக்குச் சுமார் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். இட்லி, வாழைப்பழம், சோறு எதுவானாலும் சரி. கூடவே 20 கிராம் அளவுக்குப் புரதம். மூன்று முட்டை ஏறக்குறைய அந்தக் கணக்கைத் தொட்டுவிடும். ஒரு வேளைப் பயிற்சிக்கு வழக்கமான சாப்பாடே போதும், குளுக்கோஸ் பவுடருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

வியர்த்து நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். தொடை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போய் சிபிகே (தசைச் சிதைவைக் காட்டும்), கிரியாட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டும்) ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.