பாலித் தீவுக்குக் குடும்பத்தோடு போகிறோம், கடற்கரை தவிர என்ன பார்க்கலாம்?

கடற்கரைக்கு ஒரு நாள் போதும். மீதி நாட்களுக்கு உபுத் என்ற ஊரில் தங்கிக்கொண்டு, தண்ணீர் வரும் வழியிலேயே தீவைப் பாருங்கள். மலை, கோயில், வயல் எல்லாம் அங்கே தண்ணீரால் ஒன்றோடொன்று கட்டுண்டவை.

முதலில் கிந்தாமணி என்ற மலைப்பகுதி. பாத்தூர் எரிமலையையும் ஏரியையும் படமெடுத்துவிட்டுப் பலரும் திரும்பிவிடுகிறார்கள். அதே மலை விளிம்பில் ஏரித் தேவிக்கான உலுன் தானு பாத்தூர் கோயில் இருக்கிறது. முன்பு கீழே இருந்தது. 1926 எரிமலைக் குழம்பில் ஊரோடு போய்விட, மேலே கட்டினார்கள். தண்ணீருக்கு நடுவே நிற்பதுபோல் படங்களில் வரும் கோயில் இதுவல்ல, அது பெராத்தான் ஏரியில் இருக்கிறது.

அங்கிருந்து இறங்கி வந்தால் தம்பாக்சிரிங் என்ற ஊர். அங்கே தீர்த்த எம்புல் கோயிலில் ஊற்று நீர் வரிசையாகக் குழாய்களில் கொட்டும், மக்கள் ஒவ்வொன்றாகத் தலையைக் காட்டிக்கொண்டே நகர்வார்கள். பக்கத்திலேயே குனுங் காவி. 11ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செய்த, ஆள் உயரத்தைப் போல் நாலு மடங்கு உயர்ந்த கோயில் வடிவங்கள். படிகள் நிறைய, பெரியவர்கள் வந்தால் காலையிலேயே போய்விடுங்கள்.

ஒரே ஓர் இடம்தான் முடியும் என்றால் நான் ஜாதிலுவிஹ் என்பேன். மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக நெல் வயல். வரப்பில் இறங்கி நடந்து, வாய்க்கால் பிரியும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். குறுக்கே போட்ட கட்டையில் வாய் வெட்டித் தண்ணீரைப் பிரிப்பது அவர்கள் பழைய முறை. வாயின் அகலம்தான் அவரவர் பங்கு. இப்போது பல இடங்களில் சிமெண்ட். இந்தப் பாசனக் கூட்டமைப்புக்கு சுபாக் என்று பெயர். எந்தச் சரிவில் எப்போது நடவு, எப்போது வயலைக் காயப்போடுவது என்பதை நீர்க்கோயில்களை வைத்தே சேர்ந்து முடிவு செய்வார்கள். 1970களில் பசுமைப் புரட்சி வந்து, அவரவர் முடிந்தபோதெல்லாம் நடலாம் என்றானது. பயிரில்லாத இடைவெளி போனதும் புகையான் பூச்சி பெருகி விளைச்சலை அழித்தது. கோயில் முறையில் எவ்வளவு விவசாய அறிவு இருந்தது என்பது அப்புறம்தான் வெளியாட்களுக்குப் புரிந்தது. 2012இல் யுனெஸ்கோ இந்த சுபாக் முறையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்தப் பச்சை வேறு மாதிரி தெரியும்.

கோயிலுக்குள் போக இடுப்பில் சாரோங் என்ற லுங்கி போன்ற துணியும் கச்சையும் கட்ட வேண்டும், பெரிய கோயில்களில் வாசலிலேயே தருவார்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே வர வேண்டாம் என்பது அங்கே விதி. தரையில் ஓலைத் தட்டில் பூ வைத்திருப்பார்கள், குழந்தைகள் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை குறைவான ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்லது. மார்ச்சில் போவதாக இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன் பாலியின் மௌனப் புத்தாண்டு நாளான நியெப்பி என்றைக்கு என்று பாருங்கள். அன்று விமான நிலையமே 24 மணி நேரம் மூடியிருக்கும், விடுதியை விட்டு யாரும் வெளியே வர முடியாது.