பீரங்கிக் கப்பல்கள் ஏன் ஒழிந்தன? ஓர் ஆலை ஃபிட்டரின் பதில்

'ஒரு காலத்தில் மலை மாதிரி பீரங்கிக் கப்பல்கள் கட்டினார்களே, இப்போது ஏன் யாரும் கட்டுவதில்லை? ஒரு விமானம் வந்து ஒரு குண்டு போட்டால் கதை முடிந்துவிடும் என்பதாலா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் விளையாட்டில் கப்பல் ஓட்டிப் பழகிய தம்பியாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதில் தப்பில்லை. விமானத்தால்தான் என்பது சரி. அந்த 'ஒரு குண்டு' பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் கடற்படைக்காரன் இல்லை. மலேசியாவின் பகாங் மாநிலத்தில், தெமர்லோவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப்பட்டணம் எங்கள் ஊர். செம்பனை ஆலையில் முப்பது வருஷம் ஃபிட்டர், கடைசி ஆறு வருஷம் போர்மேன். படிப்பு மூன்றாம் படிவத்தோடு சரி. 'ஆலையில் ஸ்பேனர் பிடித்தவனுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும்' என்று எழுத வருகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் எங்கள் பகாங் கடலிலேயே கிடக்கிறது. 1941 டிசம்பர் 10ஆம் தேதி, குவாந்தானுக்குக் கிழக்கே, பிரிட்டிஷ்காரர்களின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரிய கப்பல்களை ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்தன. அதற்கு முன்னால் இத்தாலியின் டரான்டோவிலும் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்திலும் விமானங்களிடம் அடிபட்டவை துறைமுகத்தில் கட்டிக் கிடந்த கப்பல்கள். இவை நடுக்கடலில் ஓடிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் இருந்தவை. அத்தனை பெரிய கப்பல்கள் அப்படி விமானத்தால் மட்டுமே மூழ்கியது உலகத்தில் அதுதான் முதல் தடவை. 'ரிபல்ஸ்' 1916இல் சேவைக்கு வந்த பழைய கப்பல். 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' சேவைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 40,000 டன்னுக்கு மேல் எடை, 14 அங்குல பீரங்கி பத்து.

அதைச் சாய்த்தது மேலே இருந்து விழுந்த குண்டு இல்லை. முதலில் பட்ட டார்பிடோ (தண்ணீருக்குள் ஓடிவந்து வெடிக்கும் ஆயுதம்), இடது பக்கம், பின்னால், வெளிப்புற ஷாஃப்ட் (புரொப்பெல்லரைச் சுற்றும் இரும்புத் தண்டு) கப்பலின் உடம்பை விட்டு வெளியே வருகிற இடத்தில் பட்டது. அந்தக் கப்பலுக்கு ஷாஃப்ட் நான்கு. வளைந்துபோன அந்த ஒன்று முழு வேகத்தில் சுற்றியது. சுற்றிய சுற்றில் உள்சுவர்கள் வழியாகப் போகும் இடமெல்லாம் கிளாண்டை, அதாவது தண்ணீர் புகாமல் ஷாஃப்டைச் சுற்றி இருக்கும் அடைப்பை, பிய்த்துக்கொண்டே போயிற்று. நிறுத்தினார்கள். அப்புறம் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் ஷாஃப்ட் போகும் வழியிலேயே என்ஜின் அறை வரைக்கும் ஏறியது.

'மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள்' என்ற இடத்தைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஏனென்றால் அதையே நாங்களும் செய்தோம்.

எங்கள் ஆலைக்குத் தண்ணீர் ஆற்றிலிருந்து வரும். பம்ப் ஹவுஸ் என்பது ஆற்று மட்டத்துக்குக் கீழே இறங்கும் ஒரு சிமெண்டுக் குழி, அடியில் பம்ப், பக்கத்தில் மோட்டார். ஒரு டிசம்பர் மாதம், ஆறு பெருகி மரமும் மட்டையுமாக ஓடுகிற நேரம், உள்ளே இழுக்கும் குழாயின் வலை கிழிந்து ஏதோ கட்டை போய் பம்புக்குள் சுற்றும் இம்பெல்லரில் மாட்டிக்கொண்டது. டங் என்று ஒரு சத்தம், அப்புறம் குழியே அதிர்ந்தது. நான் ஓடிப்போய் நிறுத்தினேன். ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, இனி ஓட்டாதீர்கள் என்று சொன்னேன். அப்போதிருந்த இன்ஜினியர், என் மூத்த மகன் வயது, பாய்லருக்குத் தண்ணீர் இல்லை, பழம் அழுகிவிடும், ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்றார். பண்ணினோம். அரை நிமிஷம் இருக்குமா, கிளாண்ட் பேக்கிங் முழுவதும் கயிறு கயிறாக வெளியே பறந்தது, பின்னாலேயே தண்ணீர். வால்வை மூடலாம் என்றால் வால்வும் அதே குழிக்கு அடியில். குழியில் தேங்கும் தண்ணீரை இறைக்கவென்று ஒரு சின்ன பம்ப் உண்டு, அதற்கான மின்சாரப் பெட்டியும் அதே குழியில், இடுப்பு உயரத்தில். தண்ணீர் பெட்டியைத் தொட்டதும் எல்லாம் செத்தது. நானும் இன்னொருவரும் ஏணியில் ஏறித் தப்பித்தோம். ஆலை மூன்று நாள் நின்றது. அறிக்கையில் 'வெள்ளத்தால் பழுது' என்று எழுதினார்கள், நான் வேண்டாம் என்று சொன்னது அதில் ஒரு வரிகூட இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அது எனக்கு ஆறவில்லை.

கப்பலிலும் இதே வரிசைதான். தண்ணீர் ஏறியதும் பின்பாதிக்கு மின்சாரம் போயிற்று. மின்சாரம் போனதும் இறைக்கும் பம்ப் இல்லை, காற்றோட்டம் இல்லை, சுக்கான் திரும்பவில்லை, விமானத்தைச் சுடுகிற பீரங்கிகளும் திரும்பவில்லை. மணிக்கு 25 கடல் மைல் வேகம் 15 ஆகிவிட்டது. அடுத்து வந்த மூன்று டார்பிடோவையும் அதனால் விலகிப்போக முடியாமல் அப்படியே வாங்கிக்கொண்டது. குண்டு பட்டது ஒன்றே ஒன்று, அது ஆட்களைக் கொன்றது, ஆனால் கப்பலைக் கொன்றது தண்ணீர். பழைய 'ரிபல்ஸ்' அதைவிட நன்றாக ஆட்டம் காட்டியது, கிட்டத்தட்ட 19 டார்பிடோக்களை விலகிப் போனது என்கிறார்கள், கடைசியில் இரண்டு பக்கமும் வளைத்து அடித்ததில் போயிற்று. இரண்டிலும் சேர்த்து 840 பேர் செத்தார்கள். 2,000 பேருக்கு மேல் கூட வந்த டெஸ்ட்ராயர் என்ற சிறிய போர்க்கப்பல்கள் காப்பாற்றின.

சரி, 'கூடவே நம் விமானங்கள் இருந்திருந்தால் தப்பியிருக்குமே' என்பார்கள். நான் மறுக்கவில்லை. கூட வரவேண்டிய 'இண்டாமிட்டபிள்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் ஜமைக்கா பக்கம் தரைதட்டியதால் வரவில்லை. இந்தக் கப்பல்களுக்கெல்லாம் தலைவராகப் போன அட்மிரல் பிலிப்ஸ் வானொலியைத் திறக்காமலே போனார், 'ரிபல்ஸ்' கேப்டன் டென்னன்ட்தான் தானாக உதவி கேட்டார், விமானங்கள் வந்து சேர்ந்தபோது 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' மூழ்கிக்கொண்டிருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் ஷாஃப்டை மறந்துவிட்டுப் பேசாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அதே வருஷம் மே மாதம் ஜெர்மனியின் 'பிஸ்மார்க்' மாட்டிக்கொண்டதும் இதே மாதிரிதான், துணி போர்த்திய பழைய இரட்டை இறக்கை விமானம் போட்ட டார்பிடோ சுக்கானில் பட்டு, வட்டம் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

இனி நீங்கள் கேட்டது. பெரிய பீரங்கி அதிகம் போனால் முப்பது நாற்பது கிலோமீட்டர் சுடும். விமானம் பல நூறு கிலோமீட்டர் தாண்டி வரும். ஜப்பானே கட்டிய 'யமாட்டோ', 46 சென்டிமீட்டர் பீரங்கியோடு, 1945 ஏப்ரல் 7இல் அமெரிக்க விமானங்களிடம் மூழ்கியது. அவ்வளவு இரும்பையும் ஆட்களையும் போட்டு இவ்வளவு கிட்டப் போனால்தான் அடிக்க முடியும் என்ற கப்பலை யார் கட்டுவார்கள்? அமெரிக்காவின் 'மிசூரி' 1991 வளைகுடாப் போர் வரைக்கும் சுட்டுவிட்டு இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. இன்றைய கப்பல்கள் கவசத்தைக் குறைத்து ராடாரையும் ஏவுகணையையும் நம்புகின்றன. நம் மலேசியக் கடற்படையின் 'லெக்கியு', 'ஜெபாட்' இரண்டும் அந்த வகைதான்.

அதற்காக, ஏவுகணை பட்டால் உடனே முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். 1982இல் ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டனின் 'ஷெஃபீல்ட்' மேல் ஒரு எக்ஸோசே ஏவுகணை பட்டது. தீயை அணைக்கும் தண்ணீர்க் குழாய் உடைந்ததால் தீயை அடக்க முடியவில்லை, ஆறு நாள் கழித்து மூழ்கியது. 1987இல் அமெரிக்காவின் 'ஸ்டார்க்' இரண்டு எக்ஸோசே வாங்கியது, 37 பேர் செத்தார்கள், ஆனால் உள்ளே இருந்தவர்கள் தீயோடும் தண்ணீரோடும் போராடிக் கப்பலை மிதக்க வைத்துத் துறைமுகம் சேர்த்தார்கள். எங்கும் பீரங்கிக்காரனின் பெயர்தான் வருகிறது. கீழே பம்ப் பக்கத்தில் நிற்பவனைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை.

இதையெல்லாம் நான் அகராதி வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில்தான் படித்தேன். ஒரு நூலகத்தில் தமிழ் அலமாரி ஒன்றே ஒன்று, அதில் சமையலும் சாமியும் மட்டும். இயந்திரம் பற்றித் தமிழில் ஏதாவது வாங்கி வையுங்கள் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன், பதிலே இல்லை. நம் பிள்ளைகளுக்கு இது தேவையில்லை என்று யார் முடிவு செய்தார்கள்? அந்தக் கப்பல்கள் போன இரண்டே மாதத்தில் சிங்கப்பூர் விழுந்தது. அப்புறம் தோட்டம் தோட்டமாக நம் ஆட்களை ஜப்பான்காரர்கள் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். என் தாத்தாவின் அண்ணன் அதில் போனவர், திரும்பவில்லை. இது வெள்ளைக்காரன் கதை மட்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இன்னொன்று. அந்த இரண்டு கப்பல்களும் கடலடியில் கல்லறையாகக் கிடக்கின்றன. அவற்றின் புரொப்பெல்லர்களைக்கூடத் திருடி விற்றிருக்கிறார்கள். 2023 மே மாதம் நம் கடல்சார் அமலாக்கத்தினர் ஒரு சீனக் கப்பலைப் பிடித்தபோது அதில் பழைய பீரங்கிக் குண்டுகள் இருந்தன, ஜொகூரில் ஒரு பழைய இரும்புக் கிடங்கிலும் கிடைத்தன. எங்கள் ஊருக்கு வாரம் ஒரு தடவை பழைய இரும்பு வாங்கும் லாரி வரும். அந்தச் செய்தி வந்ததிலிருந்து அதன் மணிச் சத்தம் கேட்டால் நான் வெளியே போய், பின்னால் என்ன கிடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.