பேச்சுத்துணை இல்லாத பெர்த்

அன்புள்ள ஐயா,

போன மாதம் வியட்நாம் போய்வந்தேன், தனியாக. ஹனோயில் ராத்திரி ரயில் ஏறி மறுநாள் டனாங்கில் இறங்கினேன். நாலு பெர்த் உள்ள அறை. மற்ற மூன்று பேரும் ஒரே குடும்பம். ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. எதிர் பெர்த் பாட்டி பம்ளிமாஸ் உரித்து, ஒரு சுளையை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். நான் எடுக்கவில்லை. ராத்திரி முழுக்கப் பையைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு விழித்தே கிடந்தேன். நம் ஊர் ரயிலாக இருந்தால் விழுப்புரம் வருவதற்குள் எல்லோர் வீட்டுக் கதையும் தெரிந்திருக்கும். விமானத்தில் போயிருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். இப்படி ஊமையாகப் போய்வருவதெல்லாம் பயணமா? அடுத்து பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்கு இரவு ரயிலில் போக ஆசை. போகலாமா?

ம., முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள ம.,

முதலில் அந்தச் சுளை. எடுக்காதது சரிதான். முன்பின் தெரியாதவர் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடாதே என்று நம் ரயில்வேயே எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது! தனியாகப் போகிற பெண் அதை ஹனோய் பிளாட்பாரத்தில் மறந்துவிட வேண்டும் என்று சட்டமா என்ன? யார் எதை நீட்டினாலும் வாங்கித் தின்று, விடிவதற்குள் அவர்கள் வீட்டுப் பிள்ளையாகிவிடுகிற பயணக் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்தப் பாட்டி ஒன்றும் நினைத்திருக்க மாட்டார். மிச்சத்தைப் பேரன் தின்றிருப்பான்.

விழுப்புரத்துக்கு வருகிறேன். நம் ரயில் பேச்சு எனக்கும் பிடிக்கும். ஆனால் அது எப்படி ஆரம்பிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எந்த ஊரும்மா? தனியாவா போற? வீட்டுக்காரர் வரலையா? பிள்ளைங்க எத்தனை? நடுவில், நீங்க என்ன ஆளுங்க என்பதைச் சுற்றி வளைத்து ஒரு கேள்வி. முறுக்குப் பொட்டலம் பிரிவது இதெல்லாம் முடிந்த பிறகுதான். நீங்கள் ஒரு ராத்திரியும் ஒரு காலையும் யாருடைய மகள், யாருடைய மனைவி என்று எவருக்கும் கணக்குச் சொல்லாமல் போயிருக்கிறீர்கள். முத்தியால்பேட்டையில் தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் இது கிடைக்குமா? பயமும் அதோடு சேர்ந்துதான் வரும். தூங்காமல் கிடந்ததை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

விமானம் பற்றி. ஹனோயிலிருந்து டனாங் 791 கிலோமீட்டர். ரயில் அவ்வளவு மெதுவாகப் போவதற்குத் தண்டவாளம்தான் காரணம். பிரெஞ்சுக்காரர்கள் போட்ட குறுகலான மீட்டர் கேஜ், அதுவும் ஒற்றைப் பாதை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். தெற்கே சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) வரைக்குமான 1726 கிலோமீட்டரும் இணைந்தது 1936இல். 1954இல் நாடு இரண்டானபோது பாதையும் துண்டானது. போர் முடிந்து, 1976 கடைசியில்தான் மறுபடி முனைக்கு முனை வண்டி ஓடியது. மீட்டர் கேஜ் ஆட்டம் உங்கள் வயதுக்குப் புதிதாக இருந்திருக்கலாம். அகலப் பாதை வரும்வரை திருப்பாதிரிப்புலியூரில் ஏறி நாங்கள் அப்படி ஆடிக்கொண்டேதான் விழுப்புரம் போனோம். டம்ளரில் பாதி டீதான் வாய்க்கு வரும்.

அந்தப் பாதை போட்ட காலத்தில் உங்கள் ஊர்க்காரர்களும் காரைக்கால்காரர்களும் சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார்கள். வட்டித்தொழில் செய்த செட்டியார்களும் இருந்தார்கள். அவர்கள் கும்பிட்ட மாரியம்மன் இன்றும் அந்த நகரத்தின் நடுவில் இருக்கிறாள். ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுவதில் இப்போது வியட்நாம்காரர்களே அதிகம். அடுத்த முறை தெற்கே போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரே ஒரு குறை. ஹுவேயைத் தாண்டினால் ஹை வான் கணவாய் வரும். மலையை ஒட்டி வண்டி ஊர்ந்து போகும், இடது கைப்பக்கம் கீழே கடல். அதைப் பற்றி ஒரு வரி இல்லையே! ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு அந்த இடத்தில் கண்ணயர்ந்திருந்தால், அதற்கு வேண்டுமானால் வருத்தப்படுங்கள்.

சியாங் மாய்க்குத் தாராளமாகப் போங்கள். ஏறக்குறைய 750 கிலோமீட்டர், சாயங்காலம் ஏறினால் காலையில் ஊர். இரண்டாம் வகுப்பு ஏசியில் கீழ் பெர்த் கேளுங்கள். மேல் பெர்த்தைவிட அகலம், காசும் கொஞ்சம் கூட. பணியாளரே வந்து சீட்டை இழுத்து மெத்தை விரித்துத் தருவார். ஒவ்வொரு பெர்த்துக்கும் திரை உண்டு. 2014இல் ஓர் இரவு ரயிலில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு தாய்லாந்து ரயில்களில் மதுவைத் தடை செய்தார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமான பெட்டியும் அதற்குப் பிறகு வந்ததுதான். எல்லா வண்டியிலும் கிடையாது, 9ஆம் எண் வண்டியில் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: 2023 ஜனவரியிலிருந்து பாங்காக்கில் வடக்கே போகும் நெடுந்தூர வண்டிகள் குருங் தேப் அபிவாத் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. டாக்சிக்காரரிடம் வெறுமனே ரயில்வே ஸ்டேஷன் என்று சொல்லிவிட்டுப் பழைய ஹுவாலம்போங்கில் போய் இறங்கிவிடாதீர்கள்.