காசிமேட்டில் கரை ஒதுங்கிய உடல்: மூழ்கி இறந்தவரா, கொன்று வீசப்பட்டவரா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இதற்கு உதவுவது டயாட்டம் சோதனை. டயாட்டம் என்பது கடல், ஏரி, கால்வாய்த் தண்ணீரில் வாழும், கண்ணுக்குத் தெரியாத பாசி. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. நைட்ரிக் அமிலத்திலும் கரையாது.

உயிரோடு மூழ்குபவர் தண்ணீரை மூச்சோடு இழுக்கிறார். நுரையீரல் வழியாக டயாட்டம் ரத்தத்தில் கலக்க, துடிக்கும் இதயம் அதை எலும்பு மஜ்ஜை வரை தள்ளிவிடும். வண்ணாரப்பேட்டைத் தெரு அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள்: குழாய் தண்ணீருக்குள்ளேயே நின்றாலும் கை அடித்தால்தான் குடம் நிறையும். செத்த பிறகு வீசிய உடலிலும் நுரையீரல் வரை தண்ணீர் புகலாம். ஆனால் அதை மஜ்ஜை வரை தள்ள அங்கே இதயம் துடிக்கவில்லை.

அதனால் தொடை எலும்பின் மஜ்ஜையை எடுத்து, அமிலத்தில் கரைத்து, மிஞ்சும் ஓடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். உடல் கிடந்த இடத்துத் தண்ணீரும் சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டராவது வேண்டும். வழக்கு சறுக்குவது இங்கேதான். அந்தத் தண்ணீரை எடுக்காமல் விட்டால் ஒப்பிட எதுவுமே இல்லை. கருவிகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவினாலும் கெட்டது, அதிலுள்ள டயாட்டம் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீர்தான் சரி. உடல் கடலில், மஜ்ஜையிலோ நன்னீர் வகை என்றால், புழல் ஏரி போன்ற இடத்தில் மூழ்கடித்து இங்கே கொண்டுவந்து போட்டார்களா என்று விசாரணை திரும்பும்.

டயாட்டம் இல்லாவிட்டால் கொலைதான் என்று பலர் நினைப்பது தவறு: தண்ணீரிலேயே அது குறைவாக இருந்தாலும், தண்ணீர் பட்டதும் குரல்வளை தானாக இறுகி, தண்ணீர் உள்ளே போகாமலே மூச்சடைத்து இறந்தாலும் கிடைக்காது, கிடைத்தாலும், தானே விழுந்தாரா, தள்ளிவிட்டார்களா என்பதை அது சொல்லாது.