டிவி கொண்டாடிய போர்பனுக்கு 1,800 டாலர் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி: சின்சினாட்டியில் வசிக்கிறேன். சமையல் நிகழ்ச்சி ஒன்றில் செஃப் ஒருவர் 'பாப்பி வான் விங்கிள்' போர்பனை (சோளத்தில் செய்யும் அமெரிக்க விஸ்கி) ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். மைத்துனரின் 50-வது பிறந்தநாளுக்கு வாங்கலாமென்றால் ஒஹாயோ கடைகளில் கண்ணிலேயே படவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கென்டக்கிக் கடையில் 15 வருடச் சரக்குக்கு 1,800 டாலர் கேட்கிறார்கள். டிவியால்தான் இந்த விலையா? காத்திருந்தால் குறையுமா?

பதில்: அந்த விலைக்கு வாங்காதீர்கள். டிவிக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை.

பாப்பியின் பெயர் சமையல் நிகழ்ச்சிகளுக்கு முன்பே பரவத் தொடங்கிவிட்டது. 1996-ல் ஒரு சுவை மதிப்பீட்டு நிறுவனம் அதன் 20 வருடச் சரக்குக்கு 100-க்கு 99 மதிப்பெண் கொடுத்தது. அப்போது அமெரிக்காவில் பழைய போர்பனைச் சீண்ட ஆள் குறைவு. பிறகு சமையல்காரர்கள் கையில் எடுத்தார்கள். செஃப்பும் டிவி தொகுப்பாளருமான ஆன்டனி போர்டெய்ன் வாயாரப் புகழ்ந்தார். 2012-ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் அவர் குரலில் தொடங்கிய 'த மைண்ட் ஆஃப் எ செஃப்' தொடரின் முதல் பருவ நாயகனான செஃப் டேவிட் சாங்கும் பாப்பி பிரியர். மறு வருடம் பாப்பியைத் தயாரிக்கும் பஃபலோ டிரேஸ் வடிசாலையிலிருந்து சுமார் 200 பாப்பி பாட்டில்கள் திருடுபோயின. என்னைக் கேட்டால், எந்த செஃப்பின் பாராட்டையும்விடப் பெரிய விளம்பரம் அந்தத் திருட்டுச் செய்திதான்.

ஆசை ஒரே இரவில் பெருகிவிடும், சரக்கு பெருகாது. இன்று கடைக்கு வரும் 20 வருட பாட்டில், 2000-களின் நடுவில் பீப்பாயில் ஊற்றியது. 2012-ல் டிவி பார்த்துவிட்டு வடிசாலைக்காரர் கூடுதலாக ஊற்றியிருந்தாலும் அது 20 வயதைத் தொட 2032 ஆகும். கென்டக்கியின் கோடை வெயிலில் ஒவ்வொரு வருடமும் பீப்பாயிலிருந்து கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். இருபது வருடத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அதனால்தான் அரிய, வயதான சரக்கின் விலை மட்டும் ராக்கெட்டாகிறது. அதே செஃப் சாஸில் ஜிம் பீம் என்ற சாதாரண போர்பனை ஊற்றிக் காட்டினால் அதன் விலையில் ஒரு மாற்றமும் வராது, அலமாரி நிறைய இருக்கிறதே.

நடுவில் மாட்டிக்கொண்டது வெல்லர் என்ற இன்னொரு போர்பன். பாப்பி வரும் அதே வடிசாலை. பாப்பி போலவே சோளத்துடன் ரை என்ற தானியத்துக்குப் பதில் கோதுமை சேர்த்துச் செய்வது. 'ஏழைகளின் பாப்பி' என்று யாரோ பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான், முன்பு சாதாரணமாகக் கிடைத்த பாட்டிலையும் தேடி அலையவேண்டியதாயிற்று.

விலை ஏன் கடைக்குக் கடை மாறுகிறது என்றால், தயாரிப்பாளர் சொல்வது வெறும் பரிந்துரை விலை. பாப்பி வரிசைக்கு அது ரகத்தைப் பொறுத்துச் சுமார் நூறு டாலரில் தொடங்கி சில நூறு வரை போகும். கென்டக்கியில் கடைக்காரர் விருப்பப்படி ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் ஒஹாயோவில் விலையை மாநிலமே நிர்ணயிக்கிறது. விலை ஏறாததால் வந்த வேகத்தில் தீர்ந்துவிடும், அங்கே பாட்டிலே கண்ணில் படாது. ஆனால் இதுவே உங்களுக்கு வசதி. மாநில மதுத்துறை அரிய பாட்டில்களுக்கு அவ்வப்போது குலுக்கல் நடத்துகிறது. பெயர் விழுந்தால் மாநில விலையிலேயே வாங்கலாம். விழுவது கஷ்டம்தான், பெயரைப் பதிவுசெய்து வைப்பதில் நஷ்டமில்லை.

காத்திருந்தால் குறையுமா? பொதுவாகச் சந்தை இறங்கித்தான் இருக்கிறது. கென்டக்கியில் இப்போது ஒன்றரைக் கோடிக்கு மேல் பீப்பாய்கள் ஊறிக்கொண்டிருக்கின்றன, விற்பனையோ மந்தம். 2025-ல் பிரவுன்-ஃபோர்மன் என்ற பெரிய விஸ்கி நிறுவனம் தன் லூயிவில் பீப்பாய்ப் பட்டறையையே மூடியது. கோவிட் காலத்து உச்ச விலையில் மறுவிற்பனையாளர்கள் கேட்டதை இன்று யாரும் கொடுப்பதில்லை. ஆனால் குவிந்திருப்பது பெரும்பாலும் இளஞ்சரக்கு. பாப்பி இறங்கினாலும் மெதுவாகத்தான் இறங்கும், பிறந்தநாளுக்குள் எதிர்பார்க்காதீர்கள்.

ஃபேஸ்புக்கில் யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். உரிமமில்லாமல் விற்பது சட்டவிரோதம், அப்புறம் பாப்பியின் காலி பாட்டிலுக்கே சந்தை இருக்கிறது. எதற்கு வாங்குகிறார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

டிவியில் அடுத்த பாராட்டைக் கேட்கும்போது, நிகழ்ச்சிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். போர்டெய்னே பால்வெனி ஸ்காட்ச் நிறுவனத்துக்காக ஒரு காணொளித் தொடர் செய்தவர்தான். அதில் ஒளிவுமறைவு இல்லை. எல்லா நிகழ்ச்சியும் அப்படி இருப்பதில்லை.

பரிசுக்கு என் யோசனை: மேக்கர்ஸ் மார்க் போர்பனின் காஸ்க் ஸ்ட்ரெங்த் (பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அடைப்பது) பாட்டில், இல்லையென்றால் லார்சனி போர்பன். இரண்டிலும் கோதுமைதான், பாப்பியின் மென்மைக்குப் பக்கத்தில் வரும். மிச்சமாகும் பணத்தில் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு கென்டக்கியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் பஃபலோ டிரேஸுக்கே போய் வாருங்கள். சின்சினாட்டியிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வடிசாலையைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை, முன்பதிவு மட்டும் செய்துகொள்ளுங்கள்.