பாலத்தைக் கண்டதும் திரும்பும் குதிரை

குதிரையைக் குதிகாலால் உதைத்து விரட்டுவதை முதலில் நிறுத்துங்கள். லாயத்தில் ஒழுங்காக நடக்கும் குதிரை வயல் ரோட்டின் சின்னப் பாலத்தைக் கண்டதும் திரும்பிவிடுகிறது என்றால், அது நிற்கும் இடத்துக்குப் பத்தடி முன்பே நீங்களே நிறுத்த வேண்டும். காதுகள் விறைத்து முன்னால் திரும்பும், அதுதான் அடையாளம். கடிவாள வாரைத் தளர்த்திப் பார்க்க விடுங்கள். தலையைத் தாழ்த்திப் பெருமூச்சு விட்டால் இரண்டடி முன்னே போய், மறுபடி நில்லுங்கள். அது திரும்பும் முன் நீங்கள் திருப்பிவிட வேண்டும். சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

பெரும்பாலும் காரணம் நம் கைதான். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நெற்றிக்கு நேர் எதிரே சிறிது தூரம் தெரியாது. தலையை ஏற்றி இறக்கித்தான் பார்க்கும். நாம் பயந்து வாரை இழுத்துப் பிடித்தால் அதுவும் முடியாது. (எனக்கு இது புரியவே மூன்று வாரம் ஆயிற்று.)

இரண்டு சோதனைகள்:

1. நிதானமான வேறொரு குதிரையின் பின்னால் கூட்டிப் போங்கள். தயங்காமல் கடந்தால், பாலத்தைவிடத் தனியாகப் போவதுதான் பயம்.

2. சேணத்தைக் கழற்றி, முதுகெலும்பின் இருபுறமும் விரலால் மெல்ல அழுத்துங்கள். சுருங்கினால் வலி இருக்கலாம். கால்நடை மருத்துவர் பார்க்கும்வரை சவாரி வேண்டாம்.

இறங்கி நடத்திக் கூட்டிப் போவதில் வெட்கமில்லை. ஆனால் தோள்பட்டைக்குப் பக்கத்தில் நடங்கள், முன்னால் போகாதீர்கள். தாவினால் உங்கள் மேல்தான் விழும். முன்கால் தூக்கி எழும்பும் குதிரையென்றால் இதெல்லாம் தனியாகச் செய்யாதீர்கள், பயிற்சியாளர் கூடவே இருக்கட்டும்.